அமைதிக் கூடத்துச் சாமி

பல் மருத்துவம் படிக்க வந்தவளுக்கே கை நடுங்கினால் என்ன செய்வது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. சின்னவள் தேடிப் பார்த்துவிட்டாள். நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளி பயந்து நடுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தார்கள்.

வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் அவள் சின்னவள். அக்கா நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், நல்ல இடத்தில் கல்யாணமும் ஆகி, தங்கைக்கு வேறு வழி வைக்காமல் போயிருந்தாள். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை அதிகம். அக்காவின் கல்யாணம் முதல் துணி துவைக்கும் இயந்திரம் வரை அந்த வீட்டில் எல்லாவற்றையும் கடவுள்தான் பார்த்துக்கொண்டார். இயந்திரம் நின்றுபோனால் மட்டும் அப்பா பார்த்தார்.

முதல் இரண்டு வருடங்கள் பிரச்சினை இல்லை. மெழுகில் பல் செதுக்கினார்கள், பிளாஸ்டரில் தாடை வார்த்தார்கள், மேசையில் பொருத்திய பொம்மைத் தலைகளின் வாய்க்குள் துளை போட்டு அடைத்தார்கள். பொம்மைத் தலைக்கு வலிக்காது. எச்சில் விழுங்காது. "நீ புதுசாம்மா?" என்று கேட்காது. சின்னவளின் கை அப்போதெல்லாம் அசையாமல் இருந்தது. வகுப்பிலேயே அழகான கடைவாய்ப் பல் அவள் செதுக்கியதுதான் என்று பேராசிரியரே சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் வருடம் மனிதர்கள் வந்தார்கள்.

அவளுக்கு வாய்த்த முதல் ஆள் ஓய்வுபெற்ற தபால்காரர். பல் சுத்தம் செய்துகொள்ள வந்தவர். சாந்தமான மனிதர். வாயைத் திறக்கச் சொன்னதும் திறந்தார். சின்னவள் கருவியை எடுத்துக் குனிந்தாள். அந்த வாய்க்குள் ஒரு நாக்கு இருந்தது, அது உயிரோடு இருந்தது. அவ்வளவுதான். நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போலிருந்தது. காதுக்குள் இரைச்சல். விரல்கள் மரத்துப் போயின. தான் சாகப் போகிறோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஒரே ஒரு வருத்தம், அடுத்தவர் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு சாகிறோமே என்பது.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கழிவறையைப் பழுது பார்க்கிறார்கள் என்று பலகை தொங்கியது. அதற்கு அடுத்த கதவு திறந்திருந்தது. உள்ளே போய்விட்டாள்.

அது அமைதிக் கூடம். எந்த மதத்தவரும் வந்து கும்பிடலாம் என்பதற்காகப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்திருந்த அறை. யார் மனமும் புண்படக் கூடாது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அங்கே சாம்பல் நிறக் கம்பளம், சில திண்டுகள், செருப்பு வைக்க ஒரு தட்டு, எல்லா மதத்துப் புனித நூல்களும் அடுக்கிய அலமாரி ஆகியவை மட்டும் மிஞ்சியிருந்தன. நூல்களின் மேல் தூசி பாரபட்சம் இல்லாமல் படிந்திருந்தது. உறங்கக் கூடாது என்ற அறிவிப்புக்குக் கீழே ஒரு மாணவன் உறங்கிக்கொண்டிருந்தான்.

சின்னவள் மூலையில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தாள். சாவு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. திரும்பிப் போனபோது தபால்காரர் வாயைத் திறந்தபடியே இருந்தார். மன்னிப்புக் கேட்டாள். "மூடச் சொல்லலையேம்மா" என்றார் அவர்.

மறுநாளிலிருந்து கிளினிக்குக்குப் போகும் முன் அவள் அந்த அறையில் போய் உட்கார ஆரம்பித்தாள். காரணம் எதுவும் இல்லை. முதல் தடவை சாகாமல் போனது அங்கேதான்.

இதை விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த, வகுப்பில் ரேடியோ என்று பெயர் எடுத்த தோழி பார்த்துவிட்டாள். ரேடியோ நல்ல பெண். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டாள். காதில் விழுந்ததை அடுத்த காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இருக்க மாட்டாள், அவ்வளவுதான். ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்பும் சின்னவள் போய்ப் பிரார்த்தனை செய்துவிட்டு வருகிறாள் என்று வகுப்பு முழுக்கத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அவளுக்குச் சாமி என்று பெயர் வந்துவிட்டது. பெண் பிள்ளையைச் சாமி என்று கூப்பிடலாமா என்று ஒருவன் கேட்டதாகவும், சாமியில் என்ன ஆண் பெண் என்று ரேடியோ பதில் சொன்னதாகவும் கேள்வி.

மறுத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இல்லை, நான் பயந்துபோய் ஒளிந்துகொள்கிறேன் என்று சொல்வதைவிடச் சாமியாக இருப்பது எளிது. ஆனால் சாமியாக இருப்பதிலும் வேலை இருந்தது. தேர்வு நெருங்கியதும் ஒவ்வொருவராக வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து ஒரு வார்த்தை என்றார்கள். சின்னவள் சரி என்றாள். வேறு என்ன சொல்வது. ஒருத்திக்கு உடற்கூறியல் எழுத்துத் தேர்வு. ஒருவனுக்கு வாய்மொழித் தேர்வில் அந்தக் குறிப்பிட்ட பேராசிரியர் வராமல் இருக்க வேண்டும். இன்னொருத்திக்குக் காதலன் திரும்ப வேண்டும். அடுத்த வாரமே வந்து, திரும்பியவன் மறுபடி போக வேண்டும் என்று மாற்றிக் கேட்டாள்.

எல்லாரும் சொல்லிவிட்டுப் போனபின் சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரில் இருக்கும் மின்சாரப் பிளக்கை நினைத்துக்கொள்வாள். ஒன்றிரண்டு தடவை நிஜமாகவே வேண்டிப் பார்த்தாள். கடவுளே என்று ஆரம்பித்தால் அடுத்து என் கை, அதற்கு அடுத்து அன்றைய நோயாளியின் ஈறு, அதற்கு அடுத்து அக்கா என்று போய், கடைசியில் ஆரம்பித்ததைவிட அதிகமாக வியர்த்தது. பிளக்கே பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

கேட்டவர்களில் நிறையப் பேர் தேறினார்கள். அது வேறு அவள் பெயரோடு சேர்ந்துகொண்டது. தொட்டால் வலிக்காத கை என்று நோயாளிகள் சிலர் அவளையே கேட்டு வந்தார்கள். கை நடுங்குவது வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று அவள் அத்தனை மெதுவாகத் தொட்டதால்தான் வலிக்கவில்லை. நோயாளிகள் கூடக் கூட அவளுக்குப் பயமும் கூடியது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவாள். விரதமாக்கும் என்று ரேடியோ மரியாதையாக மீதியைச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கும் செய்தி போயிற்று. எப்படிப் போயிற்று என்று கேட்கத் தேவையில்லை. ரேடியோவிடம் அம்மாவின் எண் இருந்தது. அம்மா தொலைபேசியில் அழுதேவிட்டாள். அக்காவைப் படிக்க வைத்ததில் கடவுளைச் சொல்லிக்கொடுக்க விட்டுப்போயிற்று என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. சின்னவள் அதைத் தீர்த்துவைத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு அம்மாவிடம் மட்டும் எப்படி உண்மையைச் சொல்வது?

இப்படியே அந்த வருடம் ஓடியிருக்கும். மெடல் வந்ததால் ஓடவில்லை.

மெடல் என்று எல்லாரும் கூப்பிட்ட அவனும் அவள் வகுப்புதான். சேர்ந்த நாள் முதல் எல்லாத் தேர்விலும் முதலில் வருகிறவன். கல்லூரி முகப்பில் அவன் படம் மாட்டியிருந்தது. அந்தப் படத்தில் இருப்பதைவிட இப்போது இளைத்திருந்தான். ஒருநாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவன் அமைதிக் கூடத்துக்குள் வந்து, அவளுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பிளக்கை மறைத்துக்கொண்டு.

தேர்வா என்று கேட்டாள். தலையாட்டி மறுத்தான்.

"நாளைக்குக் காலைல நான் கண் முழிக்கக் கூடாது. அதை மட்டும் கேட்டு வை" என்றான்.

கடைக்குப் போகிறவளிடம் ஒரு பேனா வாங்கி வா என்பது போலத்தான் சொன்னான். அதனால் சின்னவளுக்கு அது காதில் ஏறச் சற்று நேரம் பிடித்தது.

"பரீட்சைய நெனச்சா பயமா இருக்கா?"

"பயம்லாம் இல்ல. நல்லாத்தான் எழுதுவேன். அதுக்கப்புறம் இன்னொண்ணு வரும். அதையும் நல்லா எழுதுவேன்."

தூங்கி ரொம்ப நாளாகிறது என்றான். சாப்பிட்டால் எதிலும் ருசி தெரியவில்லையாம். முதலில் வந்துவிட்டேன் என்று வீட்டுக்குச் சொன்னால் அவர்கள் சந்தோஷப்படுவது கேட்கிறதாம், ஆனால் வேறு யாரோ வாங்கிய மார்க்கை இவன் கொண்டுபோய்க் கொடுப்பது போல இருக்கிறதாம். இதையெல்லாம் அவன் வாய்மொழித் தேர்வில் பதில் சொல்வது போல வரிசையாக, தெளிவாகச் சொன்னான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

 சின்னவளுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் ஓடி வந்து ஒளிகிற இடமே அதுதான். இதற்கு மேல் எங்கே ஓடுவது?

"ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா?" என்று கேட்டாள். கேட்ட குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

அவன் கம்பளத்தைப் பார்த்தான். "அப்பப்ப."

சரி என்று சொல்லிப் பழகிய வாய். இந்தத் தடவை வரவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு வேண்டிக்கத் தெரியாது."

"தன்னடக்கம்லாம் எங்கிட்ட வேண்டாம்."

"தன்னடக்கம் இல்ல. நிஜமாவே தெரியாது. எனக்கு கிளினிக்னா பயம். நெஞ்சு அடைக்கும், கை நடுங்கும், செத்துடுவேன்னு தோணும். அன்னிக்கு பாத்ரூம் ரிப்பேர்ல இருந்தது. அதான் இங்க வந்தேன். இப்பவும் அதுக்குத்தான் வரேன்."

மெடல் நிமிர்ந்தான். "அப்போ இத்தனை நாளா கண்ண மூடிக்கிட்டு?"

"மூச்சு விட்டுட்டிருந்தேன்."

"எல்லாரும் பாஸ் ஆனாங்களே."

"அவங்க படிச்சாங்க."

அவன் அதை யோசித்தான். பாடம் சம்பந்தப்பட்ட எதையும் யோசிக்காமல் விடுகிற வழக்கம் அவனுக்கு இல்லை. பிறகு அவன் மூக்கு வழியாக ஒரு காற்று வந்தது. சிரிப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"மேல ஆலோசகர் ரூம் இருக்கு. நான் போனதே இல்ல, போகவும் பயம். இப்ப ரெண்டு பேரும் போலாம். நீ வரலைன்னா நான் தனியா போய் உன்னப்பத்திச் சொல்லிடுவேன்" என்றாள்.

"சாமி மிரட்டுது" என்றான். ஆனால் எழுந்தான்.

ஷூ லேஸைக் கட்டாமல் படியேறினான். தடுக்கி விழுந்துவிடப் போகிறான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் அதற்குப் போய்ப் பயந்தது அவளுக்கே விநோதமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நிறுத்தி, கட்டச் சொன்னாள். அவன் படியில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் ஒழுங்காகக் கட்டினான். சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவருடைய கதவில், கவலைப்படுகிறீர்களா என்ற கேள்வியோடு பல் தெரியச் சிரிக்கும் ஒருவரின் படம் ஒட்டியிருந்தது. அந்தப் பல் வரிசை சரியில்லை என்று பல் மருத்துவ மாணவர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை என்றொரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவர் முகத்தையும் பார்த்ததும் டப்பாவை மூடினார். சின்னவள் சுற்றி வளைக்காமல், அவன் கீழே சொன்னதை அவன் சொன்ன மாதிரியே சொன்னாள். நடுவில் அவள் குரல் உடைந்தது. மெடல்தான் மீதியைச் சொல்லி முடித்தான்.

அவர் பதறவில்லை, உபதேசமும் செய்யவில்லை. நேருக்கு நேராக அவனிடம் சில கேள்விகள் கேட்டார். அவன் பதில் சொன்னான். அன்றைக்கு அவனைத் தனியாக விடவில்லை. மனநல மருத்துவரைக் கூப்பிட்டார், வீட்டுக்குச் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுச் சொன்னார். சாயங்காலம் அவனுடைய அண்ணன் வந்தார். மரக்கடையில் வேலை செய்கிறவர், சட்டையெல்லாம் மரத்தூள். கல்லூரி முகப்பில் தம்பியின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே வந்தார். தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு, "இந்தப் படிப்பு போனா போகுதுடா. உன்னை யாரு விடறது?" என்றார். மெடல் அப்போதுதான் அழுதான். அவ்வளவு நேரமும் அவனுடைய புத்தகப் பையைச் சின்னவள் மடியில் வைத்திருந்தாள். யாரும் அதை அவளிடமிருந்து வாங்க நினைக்கவில்லை.

அவன் அந்தப் பருவத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

சின்னவளும் ஆலோசகரிடம் போக ஆரம்பித்தாள். செத்துவிடுவோம் என்று தோன்றுவது சாவு அல்ல, உடம்பு தேவையில்லாத நேரத்தில் அடிக்கிற அபாய மணி என்று அவர் விளக்கினார். அந்த மணியோடு எப்படி இருப்பது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார். பேராசிரியரிடம் சொல்லிவிடச் சொன்னார். சொன்னாள். பேராசிரியர் ரொம்ப நல்லவராகிவிட்டார். அவள் வேலை செய்யும்போதெல்லாம் தைரியம் கொடுக்க அவள் தோளுக்குப் பின்னாலேயே வந்து நின்றார். அவள் கை முன்னைவிட அதிகமாக நடுங்கியது. சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று அவரிடம் சொல்ல அவளுக்குப் பல நாள் ஆயிற்று. சொன்ன அன்றைக்கு, இதுதான் இதுவரை நடந்ததிலேயே பெரிய முன்னேற்றம் என்றார் ஆலோசகர்.

அம்மாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுக் காத்திருந்தாள். 

"அப்போ அந்த ரூம்ல போய் என்னதான் பண்ணின?" என்றாள் அம்மா.

"சும்மா உக்காந்திருந்தேன்மா."

"கண்ண மூடிக்கிட்டா?"

"ஆமா."

"செருப்பக் கழட்டிட்டுத்தான போன?"

"ஆமாம்மா."

"அது போதும்" என்றாள் அம்மா. சொந்தக்காரர்களிடம் சொன்னதை இனித் திருப்பி வாங்க வேண்டியதில்லை என்ற நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அப்பா தொலைபேசியை வாங்கினார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற குரலில், இப்போது உள்ளே எப்படி இருக்கிறது, மூச்சு விட முடிகிறதா என்று விசாரித்தார். முடிகிறது என்றாள். சரி, நான் கிளம்பி வருகிறேன் என்று வைத்துவிட்டார். மறுநாள் வந்தும்விட்டார். கையைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தார். அவர் கைக்குள் இருந்தபோது அது நடுங்கவில்லை. பழுது இல்லாத இயந்திரத்தைப் பார்க்கக் கூப்பிட்டு விட்டார்களோ என்பது போல அவர் கொஞ்சம் குழம்பி, அவளை நல்ல ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

அமைதிக் கூடத்துக்கு வருகிறவர்களிடமும் உண்மையைச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. "எல்லா சாமியும் ஆரம்பத்துல அப்படித்தான் சொல்லும்" என்றாள் ரேடியோ. சரி, நம்புகிறபடி நம்புங்கள் என்று விட்டுவிட்டாள். ஆனால் யார் வந்து என்ன கேட்டாலும், மாடிக்குப் போ, ஆலோசகரைப் பார், பார்த்துவிட்டு வந்து சொல் என்று அனுப்பினாள். சாமி சொல்கிறதே என்று போனார்கள். ஆலோசகர் அறைக்கு வெளியே பெஞ்சு போட வேண்டி வந்தது. காதலன் விஷயமாக வந்தவள் இரண்டு பேரையும் விட்டுவிட்டாள் என்று கேள்வி. அந்த இரண்டாமவன் யார் என்பது ரேடியோவுக்குக்கூடத் தெரியவில்லை.

அடுத்த வருடம் மெடல் திரும்பி வந்தான். மாத்திரை சாப்பிட்டான், வாரா வாரம் மாடிக்குப் போனான். ஒரு வருடம் கீழே இருக்கிறவர்களோடு படித்தான். முதலில் வரவில்லை. முகப்பில் வேறு யாருடைய படமோ தொங்கியது. அதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் சதை போட்டிருந்தான். சில நாள் நன்றாக இருப்பான், சில நாள் பேச மாட்டான். பேசாத நாளில் வந்து, இன்றைக்குப் பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பான்.

ஒருநாள் செய்முறைக் கூடத்தில் இருவரும் பல்செட்டுக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் திடீரென்று கேட்டான்.

"எனக்காக நீ எப்பவாவது நிஜமா வேண்டிக்கிட்டிருக்கியா?"

அவள் மெழுகைக் கிளறினாள். "ஒரே ஒரு தடவை. உங்க அண்ணன் உன்னக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு. கீழ போய் உக்காந்தேன். என்ன சொல்றதுன்னே தெரியல. இவனக் கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு மட்டும் சொன்னேன்."

"பாத்துக்கோங்கவா? கடவுள வாங்க போங்கன்னா கூப்பிடுவாங்க?"

"எனக்கு முன்னபின்ன பழக்கம் இல்லையே" என்றாள் சின்னவள்.

அவன் தலையாட்டினான். அது நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு. மெழுகு பதமாகிவிட்டது. ஆறிவிடுவதற்குள் இருவரும் அச்சில் ஊற்ற ஆரம்பித்தார்கள்.